சி.ஆர்.எம்-இல் தேடலை அமைத்துச் சேமிப்பது எப்படி? வேலூர்க் கடை ஒன்றை வைத்து ஓர் எளிய விளக்கம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இப்போது சின்னக் கடைகள்கூட வாடிக்கையாளர் விவரங்களை சி.ஆர்.எம். மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கின்றன. பெயர், போன் நம்பர், ஊர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், கடையிலிருந்து கடைசியாக யார் பேசினார்கள் என்று எல்லாமே உள்ளே இருக்கிறது. ஆனால் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஒரு பெயரையோ போன் நம்பரையோ அடித்து, அந்த ஒருவரின் விவரத்தை எடுப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கடைக்கு வந்து நிற்கும் ஒருவரைத் தேட அது போதும். "இன்றைக்கு யார் யாருக்குப் போன் போட வேண்டும்?" என்று கேட்டால் அந்தப் பெட்டி உதவாது. ஏனென்றால் அங்கே அடிப்பதற்கு நம்மிடம் பெயர் இல்லை. எப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். அப்படித் தெரிந்ததை நிபந்தனைகளாகச் சேர்த்து ஒரு தேடல் அமைப்பதும், அதற்குப் பெயர் வைத்துச் சேமிப்பதும்தான் இந்தக் கட்டுரை.

இந்த வசதிக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பெயர். ஜோஹோவில் கஸ்டம் வியூ, சேல்ஸ்ஃபோர்ஸில் லிஸ்ட் வியூ. ஓடூவில் ஃபில்டர் போட்டு அந்தத் தேடலை ஃபேவரிட்ஸில் சேமிக்கலாம். பட்டன் இருக்கும் இடம் மாறும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். அதனால் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட, எப்படி யோசிப்பது என்பதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேடலைச் சேமிக்கும்போது சேமிக்கப்படுவது கேள்வி. அதற்கு வந்த பட்டியல் அங்கே சேமிக்கப்படுவதில்லை. நாளைக்குத் திறந்தால் மென்பொருள் அதே கேள்வியை நாளைய விவரங்களிடம் புதிதாகக் கேட்கும். இன்று காலை புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர் நிபந்தனைக்குப் பொருந்தினால் தானாக உள்ளே வருவார், நேற்றே பணம் கட்டிப் புதுப்பித்துவிட்டவர் தானாக வெளியே போய்விடுவார். பட்டியலை எக்செலில் இறக்கி, பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக இருக்கிறது. அந்தத் தாள் இறக்கிய நிமிடத்தோடு நின்றுபோன ஒன்று. ஒரு வாரம் கழித்து அதைப் பார்த்துப் போன் போட்டால், "போன வாரமே கட்டிட்டேனேப்பா" என்று நான்கு பேராவது சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்களுக்குக் கடைமேல் இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் குறையும். சேமித்த தேடலின் முதல் பயன் இந்தத் தர்மசங்கடம் இல்லாமல் போவதுதான்.

கேள்வியை முதலில் பேப்பரில் எழுதுங்கள்

உதாரணத்துக்குக் காட்பாடியில் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் விற்று, ஏ.எம்.சி.யும் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக் கொடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காந்தி நகர், சத்துவாச்சாரி வீடுகள், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகள், வி.ஐ.டி. பக்கம் மாணவர்கள் சாப்பிடும் மெஸ்கள், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தோல் தொழிற்சாலைகளின் அலுவலகங்கள் என்று வாடிக்கையாளர்கள் பலவிதம்.

கடை முதலாளிக்கு வேண்டியது இது: "வேலூர் டவுனிலும் காட்பாடியிலும் உள்ள வீட்டு வாடிக்கையாளர்களில், அடுத்த 30 நாளில் ஏ.எம்.சி. முடியப்போகிறவர்கள் யார்?"

கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே இந்த ஒரு வரியைப் பேப்பரில் எழுதிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். திரையில் நேராக ஃபில்டர்களைத் தட்டத் தொடங்குபவர்கள், திரையில் எந்த ஃபீல்டு (ஒரு விவரத்தை நிரப்பும் கட்டம்) கண்ணில் படுகிறதோ அதற்கேற்பக் கேள்வியை மாற்றிக்கொண்டே போய்விடுகிறார்கள். எழுதி வைத்தால் கேள்வி மாறாது.

எழுதியதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: இடம், வாடிக்கையாளர் வகை, ஏ.எம்.சி. முடியும் தேதி. ஒவ்வொரு நிபந்தனையும் திரையில் மூன்று துண்டாகப் பிரியும். எந்த ஃபீல்டைப் பார்க்க வேண்டும், எப்படி ஒப்பிட வேண்டும், எதோடு ஒப்பிட வேண்டும். "வாடிக்கையாளர் வகை" என்பது ஃபீல்டு, "சமம்" என்பது ஒப்பீடு, "வீடு" என்பது மதிப்பு. ஒப்பீட்டில் சமம், சமமில்லை, இதில் தொடங்குகிறது, இது உள்ளே வருகிறது, காலியாக இருக்கிறது என்று ஐந்தாறு வகைகள் கிடைக்கும். தேதி என்றால் முன், பின், இடையில் என்பவையும் சேரும். தொடங்குபவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஒரு நிபந்தனைக்கான ஃபீல்டே உங்கள் மென்பொருளில் இல்லை என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். "வீடா, லாட்ஜா, கம்பெனியா" என்பதைக் குறிப்பு எழுதும் பெட்டியில் வாக்கியமாக எழுதி வைத்திருந்தால் அதைத் தேடலில் நம்ப முடியாது. அதற்கெனத் தனி ஃபீல்டு உருவாக்கி நிரப்ப வேண்டும். இரண்டு நாள் வேலைதான் என்றாலும் அதைத் தவிர்க்க வழி இல்லை.

ஆண்ட், ஆர், நடுவில் ஓர் அடைப்புக்குறி

நிபந்தனைகளை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஆண்ட் போட்டால் இரண்டும் பொருந்த வேண்டும். ஆர் போட்டால் இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854-இல் எழுதிய நூலில் விரிவாக்கிய தர்க்கம்தான் இன்றும் நம் கடைக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

இடத்துக்கு எதைப் போடுவது? பேச்சில் "வேலூரிலும் காட்பாடியிலும்" என்று சொல்கிறோம் என்பதற்காக ஆண்ட் போட்டால் ஒரு பெயர்கூட வராது. ஊர் என்ற ஃபீல்டில் ஒருவருக்கு ஓர் ஊர்தான் இருக்கும். ஒரே நேரத்தில் அது வேலூராகவும் காட்பாடியாகவும் இருக்க முடியாது. ஆகவே ஊருக்கு ஆர் போட வேண்டும். வகைக்கும் தேதிக்கும் ஆண்ட்.

இப்போதுதான் சிக்கல் வருகிறது. நான்கையும் வரிசையாக அடுக்கினால் இப்படி நிற்கும்: வகை வீடு, ஆண்ட் 30 நாளில் முடிவு, ஆண்ட் ஊர் வேலூர், ஆர் ஊர் காட்பாடி. பல மென்பொருள்கள் ஆண்ட் போட்ட மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி, கடைசி ஆர்-ஐத் தனியாக விட்டுவிடும். விளைவு? வேலூரில் சரியான ஆட்கள் வருவார்கள். காட்பாடியில் மட்டும் வீடு, லாட்ஜ், போன மாதம்தான் புதுப்பித்தவர் என்று எல்லாரும் வந்து குவிவார்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் வேலை செய்வதுபோலத் தெரியும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதற்கு மருந்து அடைப்புக்குறி. நிபந்தனைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்து, "1 ஆண்ட் 2 ஆண்ட் (3 ஆர் 4)" என்று எழுதும் இடம் ஜோஹோவிலும் சேல்ஸ்ஃபோர்ஸிலும் இருக்கிறது. அதைவிட எளிய வழியும் உண்டு. ஊர் தேர்வுப் பட்டியலாக இருந்தால், பெரும்பாலும் ஒரே நிபந்தனைக்குள்ளேயே வேலூர், காட்பாடி இரண்டையும் டிக் செய்துவிடலாம். அப்போது அடைப்புக்குறியே தேவைப்படாது. முடிந்த இடத்திலெல்லாம் இந்த வழியையே பயன்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தாலும் புரியும்.

தேதி

"அடுத்த 30 நாள்" என்பதற்கு ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை என்று நேரடியாகத் தேதி போட்டால், அந்தத் தேடல் ஜூலையில் செத்துவிடும். "இன்றிலிருந்து அடுத்த 30 நாள்", "இந்த மாதம்", "கடந்த 90 நாள்" என்று நகரும் தேதிகளைப் போடும் வசதி பெரும்பாலான பெரிய மென்பொருள்களில் உண்டு. சேமிக்கப்போகும் தேடலில் இவைதான் வேண்டும். நிலையான தேதி, ஒருமுறை மட்டும் பார்க்கும் கணக்குக்குச் சரி.

நகரும் தேதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜூன் 10-இல் ஏ.எம்.சி. முடிகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மே 11 முதல் அவர் பட்டியலில் இருந்தார். இரண்டு முறை போன் போட்டும் எடுக்கவில்லை. ஜூன் 11 காலையில் அவர் பட்டியலில் இல்லை. அவர் புதுப்பிக்கவில்லை, ஆனாலும் "அடுத்த 30 நாள்" என்ற ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார். இனி அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆகவே இந்தத் தேடலுக்கு எப்போதும் ஒரு ஜோடி வேண்டும்: "ஏ.எம்.சி. தேதி இன்றைக்கு முன் முடிந்தது, இன்னும் புதுப்பிக்கவில்லை". முதல் தேடலைவிட இந்த இரண்டாவதில்தான் கடைக்கு வரவேண்டிய பணம் அதிகமாக முடங்கிக் கிடக்கும் என்பது என் கருத்து. காலையில் திறந்ததும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

காலி ஃபீல்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒரு தேடல் யாரைக் காட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். யாரை விட்டுவிடுகிறது என்பது தெரியாது. விடுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் காலியாகக் கிடக்கும் ஃபீல்டு.

"90 நாளாக நாம் பேசாத வாடிக்கையாளர்கள்" என்று ஒரு தேடல் போடுகிறீர்கள். கடைசியாகப் பேசிய தேதி, 90 நாளுக்கு முன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட யாரும் பேசாத வாடிக்கையாளருக்கு அந்தத் தேதி காலியாக இருக்கும். காலியான ஒன்று 90 நாளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே அவர் பட்டியலில் வரமாட்டார். கடை எவரை முழுவதுமாகக் கைவிட்டிருக்கிறதோ அவரேதான், கைவிடப்பட்டவர்களின் பட்டியலிலும் இல்லாமல் போகிறார். "ஆர், கடைசியாகப் பேசிய தேதி காலி" என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் அவரும் வந்துவிடுவார்.

"சமமில்லை" என்ற ஒப்பீட்டிலும் இதே தொல்லைதான். லாட்ஜ் தவிர மற்றவர்கள் வேண்டும் என்று "வகை, சமமில்லை, லாட்ஜ்" போட்டால், வகை நிரப்பப்படாதவர்கள் சில மென்பொருளில் வருவார்கள், சிலவற்றில் வரமாட்டார்கள். டேட்டாபேஸின் அடிப்படை விதிப்படி காலி என்றால் "தெரியாது" என்று பொருள். தெரியாததை லாட்ஜ் என்றும் சொல்ல முடியாது, லாட்ஜ் இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, வகை காலியாக ஒரு சோதனைப் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை கூட்டிப் பார்ப்பது. மொத்தம் 600 வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வகை வீடு" 430 பேரைக் காட்டுகிறது, "வகை வீடு இல்லை" 145 பேரைக் காட்டுகிறது. கூட்டினால் 575. மீதி 25 பேர் எந்தப் பக்கமும் இல்லை. அந்த 25 பேரின் வகையை உட்கார்ந்து நிரப்புங்கள். கூடவே, நன்றாகத் தெரிந்த மூன்று வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டு, இவர்கள் இந்தப் பட்டியலில் வந்தே ஆக வேண்டும் என்று தேடிப் பாருங்கள். வரவே கூடாத ஒருவரையும் தேடிப் பாருங்கள். இந்தச் சோதனை இல்லாமல் எந்தத் தேடலையும் சேமிக்காதீர்கள்.

நம்ம ஊரில் இடத்தை வைத்துத் தேடுவது

இது நம் பகுதிக்கே உரிய தலைவலி. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. மீதி இருந்தது பிற்பாடு வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அதற்கு முன் பதிவான ஆம்பூர், வாணியம்பாடி வாடிக்கையாளர்கள் பல கடைகளின் சி.ஆர்.எம்-இல் இன்னமும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கிறார்கள். ஆற்காடு, வாலாஜா ஆட்களும் அப்படித்தான். "மாவட்டம் திருப்பத்தூர்" என்று தேடினால் புதியவர்கள் மட்டும் வருவார்கள், "மாவட்டம் வேலூர்" என்று தேடினால் மூன்று மாவட்டத்தாரும் கலந்து வருவார்கள்.

சரி, பின்கோடு வைத்துத் தேடலாமே என்று தோன்றும். 632-இல் தொடங்குவது வேலூர் என்று பொதுவாகச் சொல்வோம். சி.எம்.சி. பக்கம் 632004, காந்தி நகர் 632006, காட்பாடி 632007, சத்துவாச்சாரி 632009, வி.ஐ.டி. 632014. இதுவரை எல்லாம் சரி. ஆனால் ராணிப்பேட்டையும் 632-தான். ஆரணியும் 632-தான், அதுவோ திருவண்ணாமலை மாவட்டம். அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பின்கோடு 631-இல் தொடங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி 635. அந்த 635-இல் தேடினால் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்ந்து வரும். வேலூர் மாவட்டத்தில் உள்ள பேரணாம்பட்டும் 635-தான்! தபால் துறை பின்கோடு பிரித்தது தபால் போகும் வழியை வைத்து, மாவட்ட எல்லையை வைத்து இல்லை. முழு ஆறு இலக்கத்தையும் கொடுத்து ஒரு பேட்டையைத் தேட பின்கோடு அருமையான கருவி. முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஊர்ப் பெயரையே தேடினால்? குடியாத்தத்தை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னால் மூன்று ஊழியர்கள் மூன்று விதமாக அடிப்பார்கள். காட்பாடிக்கும் அதே கதிதான். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு ஊர்கள்.

என் பரிந்துரை, "சர்வீஸ் பகுதி" என்று தனியாக ஒரு ஃபீல்டு வைத்துக்கொள்வது. அடித்து நிரப்பும் பெட்டியாக இல்லாமல் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக இருக்கட்டும். அந்தப் பட்டியலை மாவட்டத்தை வைத்துப் போடாமல், உங்கள் சர்வீஸ் ஆள் வண்டியில் போகிற வழியை வைத்துப் போடுங்கள். காட்பாடி, காந்தி நகர், வி.ஐ.டி. பக்கம் பாலாற்றுக்கு வடக்கே ஒரு பகுதி. வேலூர் டவுன், சத்துவாச்சாரி தெற்கே ஒரு பகுதி. பாகாயம், தொரப்பாடி இன்னொன்று. ஒரே நாளில் பாலாற்றுப் பாலத்தின் மேல் நான்கு தடவை போய் வருகிறவருக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். அரசாங்கம் மறுபடி மாவட்டத்தைப் பிரித்தாலும் உங்கள் தேடல்கள் அப்படியே வேலை செய்யும்.

கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு ஒரு சின்ன உத்தி. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாடு 33, ஆந்திரா 37, கர்நாடகா 29. சித்தூர் பக்கம் சரக்கு அனுப்பும் கடைகளுக்கு "ஜி.எஸ்.டி. எண் 37-இல் தொடங்குகிறது" என்ற ஒரு நிபந்தனையே ஆந்திர வாடிக்கையாளர்களைப் பிரித்துக் கொடுத்துவிடும். இங்கே எழுத்துப்பிழைக்கு அவ்வளவாக இடமில்லை.

சேமிக்கும்போது

சேமிக்கும் முன் எந்தக் காலம்கள் (பட்டியலின் நெடுவரிசைகள்) தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். நிபந்தனைகளோடு காலம்களும் வரிசையும் பெரும்பாலும் சேர்ந்தே சேமிக்கப்படும். போன் போடுகிறவருக்குப் பெயர், நம்பர், பகுதி, ஏ.எம்.சி. தேதி, கடைசியாக என்ன பேசினோம் என்ற குறிப்பு ஆகிய ஐந்தும் போதும். மின்னஞ்சல், உருவாக்கிய தேதி, இன்னும் பத்து காலம்களை வைத்தால் குறிப்பு திரைக்கு வெளியே போய்விடும், யாரும் தள்ளிப் பார்க்க மாட்டார்கள். போன் போடும் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். சர்வீஸ் ஆளுக்கான பட்டியலைப் பகுதி வாரியாக.

பெயரில் நிபந்தனை தெரியட்டும். "புதிய ஃபில்டர் 2" என்று வைத்தால் உருவாக்கியவருக்கே அடுத்த மாதம் நினைவிருக்காது. "ஏ.எம்.சி. 30 நாளில் முடிவு, வீடு, வேலூர் காட்பாடி" என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் அனுப்புவதற்காகச் சேமிக்கும் தேடல் என்றால் "செய்தி வேண்டாம் என்று சொன்னவர் இல்லை" என்ற நிபந்தனையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். நம்பரை நம்பிக் கொடுத்தவரின் விருப்பத்தை மதிப்பது முதல் காரணம். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது என்பது இரண்டாவது.

கடைசியாக, யாரோடு பகிர்வது. எனக்கு மட்டும், எல்லாருக்கும், குறிப்பிட்ட குழுவுக்கு என்று மூன்று வாய்ப்புகள் வழக்கமாக இருக்கும். கடையின் அன்றாட வேலைக்கான தேடல்களை முதலாளியோ மேலாளரோ தன் லாகினில் உருவாக்கி மற்றவர்களுக்குப் பகிர்வது நல்லது. ஊழியர் தன் பெயரில் தனியாக வைத்துக்கொண்டால், அவர் வேலையை விட்டுப் போய் லாகினை மூடும்போது அந்தத் தேடல் மற்றவர்கள் கைக்கு வராமல் போகலாம். பகிர்ந்தாலும் எல்லாருக்கும் ஒரே பட்டியல் வரும் என்று எண்ண வேண்டாம். பகிரப்படுவது கேள்வி மட்டுமே. அதைத் திறப்பவருக்கு எந்த வாடிக்கையாளர்களைப் பார்க்க அனுமதி இருக்கிறதோ அவர்கள்தான் பதிலாக வருவார்கள். முதலாளி திரையில் 38 பேர் இருக்கும்போது சர்வீஸ் ஆளின் மொபைலில் 11 பேர் மட்டும் இருந்தால் மென்பொருளில் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. தேடலைப் பகிர்ந்த அன்றே அவர் மொபைலை வாங்கி, அவர் லாகினில் அதைத் திறந்து, அவருக்குத் தெரிய வேண்டிய பெயர்கள் வருகின்றனவா என்று அவரோடு சேர்ந்தே சரிபார்த்துவிடுங்கள்.